மறைத்த துப்பாக்கியும் மதுக்கூடமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டெக்சாஸ் மாநிலத்தில் மதுக்கூடங்களின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை காணப்படும். அதில் '51%' என்னும் எண் சிவப்பு நிறத்தில் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வூருக்குப் புதிதாகச் செல்வோர், சாராயத்தின் வீரியத்தையோ விலைத் தள்ளுபடியையோ அது குறிப்பதாக எண்ணக்கூடும். இரண்டுமன்று. அக்கடையின் வருவாயில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ, அங்கேயே அமர்ந்து அருந்தும் மதுவை விற்பதால் கிடைக்கிறது. ஆதலின் கைத்துப்பாக்கியுடன் எவரும் உள்ளே வரலாகாது என்பதே அவ்வெண்ணின் பொருள். மீறி நுழைதல் 2 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடிய பெருங்குற்றமாகும்.

அதே தெருவில் அடுத்த வீடு ஓர் உணவகம் என்று வைத்துக்கொள்வோம். அங்கும் அதே பீர், அதே விலைக்கு விற்கப்படுகிறது. ஆனால் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சற்று மிகுதியாக விற்பனையாவதால் மதுவின் பங்கு 50 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கிறது. அங்கே சிவப்புப் பலகை இல்லை. உரிமையாளர் தாமாகத் தடுத்தாலன்றி, ஒருவர் தம் சட்டைக்குள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உள்ளே சென்று அமரலாம். ஓர் இடத்தின் ஆபத்தைக் கணக்குப் புத்தகம் தீர்மானிக்கிறது என்று சொல்லும்படி அமைந்துள்ள இவ்வேற்பாடு, கேட்போர்க்கு வியப்பைத் தரலாம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சியே தேவையற்றதாகத் தோன்றும். சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டமும், மலேசியாவின் 1971ஆம் ஆண்டு சுடுகருவிகள் (கூடுதல் தண்டனை) சட்டமும் இவ்வினாவை எழவே விடுவதில்லை. அமெரிக்கரின் நிலை வேறு. 1791இல் அவர்தம் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாம் திருத்தம், ஆயுதம் வைத்திருப்பதையும் தாங்குவதையும் மக்களின் உரிமையாகக் கூறுகிறது. உரிமை என்று ஒன்றைக் கூறிவிட்டால், பின்னர் அதற்கு எல்லை வகுப்பதே வேலையாகிவிடுகிறது. அவ்வெல்லைகளுள் மிகவும் இடர் மிகுந்தது மதுக்கூடத்தின் வாயிற்படி.

துப்பாக்கி நன்றா தீதா என்னும் பெருவழக்கை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. மதுவையும் மறைத்த துப்பாக்கியையும் பிரித்து வைக்க முயன்ற சட்டம், முதலில் இடத்தைத் தடுத்தது. பிறகு பல மாநிலங்களில் இடத்தைத் திறந்துவிட்டுக் குடிப்பதை மட்டும் தடுத்தது. முன்னதை 'இடத்தடை' என்றும் பின்னதைக் 'குடித்தடை' என்றும் எளிமை கருதி அழைப்போம். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சட்டம் எங்ஙனம் நகர்ந்தது, நகர்ந்தபின் காவற்பொறுப்பு எவர் தலையில் விழுந்தது என்பதே நாம் காணவேண்டுவது.

முதலில் 'மறைத்தல்' என்பதைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இன்று துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துச் செல்வதே நாகரிகம் என்றும், வெளியே தெரியத் தொங்கவிடுவது பிறரை மிரட்டுவது என்றும் அமெரிக்கர் பலர் கருதுகின்றனர். 200 ஆண்டுகளுக்கு முன்னர் இக்கருத்து தலைகீழாக இருந்தது. வெளிப்படையாக ஆயுதம் தாங்குவோன் நேர்மையுடையவன். ஒளித்து வைப்பவனோ வஞ்சகன். கென்டக்கி, லூசியானா ஆகிய இரு மாநிலங்களும் 1813ஆம் ஆண்டிலேயே மறைத்த ஆயுதங்களைத் தடை செய்து சட்டம் இயற்றின. சினமும் மதுவும் கலந்த இடத்தில், எதிரில் இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்று அறிந்தால் ஒருவன் நாவை அடக்குவான், அறியாவிட்டால் அடக்கமாட்டான். இந்த எளிய உண்மையை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர் எனத் தோன்றுகிறது.

திரைப்படங்கள் நமக்குக் காட்டும் மேற்கு அமெரிக்காவோ வேறு. அங்கே ஒவ்வொருவரும் இடுப்பில் துப்பாக்கியுடன் மதுக்கூடத்தின் ஊசற்கதவைத் தள்ளிக்கொண்டு வருவர். வரலாறு அப்படிக் கூறவில்லை. கான்சஸ் மாநிலத்து டாட்ஜ் நகரின் தெருவை 1870களின் பிற்பகுதியில் எடுத்த நிழற்படம் ஒன்று புகழ்பெற்றது. துப்பாக்கி தாங்குவது கண்டிப்பாகத் தடுக்கப்பட்டுள்ளது என்று அங்கே ஒரு பலகை நிற்கிறது. அதே பலகையில் 'பிரிக்ளி ஆஷ் பிட்டர்ஸ்' என்னும், மது கலந்த கசப்பு மருந்தின் விளம்பரமும் உள்ளது! துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வா, பின்னர்க் குடிக்கலாம் என்று ஒரே பலகை இரு செய்தியையும் கூறுவது போலும்.

அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரமும் 1881 ஏப்ரலில் இத்தகைய நகர விதி ஒன்றை வகுத்தது. ஊருக்குள் ஆயுதம் தாங்கித் திரிதல் குற்றம். அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடந்த 'ஓ.கே. காரல்' துப்பாக்கிச் சண்டையை அறியாதார் இலர். ஆனால் அச்சண்டை இந்த விதியின் பொருட்டு மூண்டது என்பதை அறிந்தோர் சிலரே. ஐக் கிளான்டன் என்பவன் முந்திய இரவு முழுதும் சீட்டாட்டத்திலும் மதுவிலும் கழித்துவிட்டு, மறுநாட் காலை ஆயுதத்துடன் தெருவில் திரிந்தான். நகரக் காவல் தலைவர் வர்ஜில் ஏர்ப் அவனைப் பிடித்தார். வழக்கு மன்றம் 25 டாலர் அபராதம் விதித்தது. பிற்பகலில் அவன் கூட்டத்தார் ஆயுதங்களோடு நிற்பதாகச் செய்தி வரவே, அவற்றைப் பறிக்க வர்ஜிலும் அவர் உடன்பிறந்தார் இருவரும் டாக் ஹாலிடே என்பாரும் சென்றனர். ஏறத்தாழ அரை நிமிடத்தில் பில்லி கிளான்டன், பிராங்க் மெக்லாரி, டாம் மெக்லாரி ஆகிய மூவரும் சுடப்பட்டு மாண்டனர். சண்டைக்குக் காரணமான ஐக் கிளான்டனோ ஓடித் தப்பினான். துப்பாக்கி உரிமையின் சின்னமாகப் பலர் போற்றும் இந்நிகழ்ச்சி, உண்மையில் துப்பாக்கித் தடையை நிறைவேற்றச் சென்றவர்களின் கதை என்பது கவனிக்கத்தக்கது.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் மறைத்த துப்பாக்கிக்கு உரிமம் பெறுவது அரிதாகவே இருந்தது. டெக்சாசில் 1871 முதற்கொண்டே பொதுவிடத்தில் கைத்துப்பாக்கி தாங்குவதற்குத் தடையிருந்தது. ஆகவே மதுக்கூடத்திற்கென்று தனிச் சட்டம் பற்றிப் பெரும் பேச்சு எழவில்லை. 1987இல் புளோரிடா மாநிலம் புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. குறித்த தகுதிகள் உடையவர்க்கு உரிமம் வழங்கியே ஆகவேண்டும் என்றது அது. பிற மாநிலங்கள் அதனைப் பின்பற்றலாயின. டெக்சாசில் இதற்கு ஒரு துயர நிகழ்ச்சி தூண்டுகோலாயிற்று. 1991 அக்டோபர் 16ஆம் நாள் கில்லீன் நகரின் உணவகம் ஒன்றில் வெறியன் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தம் பெற்றோர் இருவரையும் இழந்த சுசானா ஹப் என்னும் பெண்மணி, சட்டத்திற்கு அஞ்சித் தம் துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் மாநிலந்தோறும் சென்று சான்று பகர்ந்தார். 1995இல் டெக்சாசின் உரிமச் சட்டம் நிறைவேறியது.

உரிமத்தைத் தாராளமாக்க இசைந்த சட்டமன்றங்கள், அச்சமுற்றோரை அமைதிப்படுத்துவதற்காக விலக்கப்பட்ட இடங்களின் பட்டியல் ஒன்றையும் சேர்த்தன. பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, அவற்றோடு மதுக்கூடம். பள்ளி எது, நீதிமன்றம் எது என்பதில் ஐயமில்லை. மதுக்கூடம் எது? இங்கேதான் சிக்கல் தொடங்கிற்று. டெக்சாஸ் வருவாயை அளந்து 51 விழுக்காடு என்றது. புளோரிடாவோ கட்டடத்தையே கூறுபோட்டது. மது வழங்க உரிமம் பெற்ற ஒரு நிலையத்தில், எந்தப் பகுதி முதன்மையாக அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளதோ அப்பகுதிக்கு மட்டுமே தடை. சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருக்கும்வரை ஒருவர் குற்றமற்றவர். எழுந்து பத்தடி நடந்து மது வழங்கும் பலகைக்கருகே உட்கார்ந்தால் குற்றவாளி. தொல்காப்பியத்தில் புறனடை கற்பிக்கும் ஆசிரியர்க்குக்கூட இத்தகைய நுட்பம் சற்று மிகையாகப்படும்.

இடத்தடை எவ்வாறு நிலைகுலைந்தது என்பதற்கு டென்னஸி மாநிலமே தக்க சான்று. அங்கு மது விற்கும் எவ்விடத்தும் உரிமம் பெற்றோர்கூடத் துப்பாக்கியுடன் நுழையலாகாது என்றிருந்தது. 2009 ஏப்ரலில் நாஷ்வில் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் தம் மனைவியோடு பாட்டு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த ஒருவரை, அம்மனைவியைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தி வந்தவன் சுட்டுக் கொன்றான். அப்பெண்மணியிடம் உரிமமும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. சட்டத்தை மதித்து அதை வண்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். கொலைஞன் சட்டத்தை மதிக்கவில்லை. இந்நிகழ்ச்சியை எளிதிற் புறந்தள்ள இயலாது. தடையை எதிர்ப்போர் கூறும் வாதத்தின் முழு வலிமையும் இதனுள் அடங்கியிருக்கிறது.

அவ்வாண்டே டென்னஸி சட்டமன்றம் தடையைத் தளர்த்தியது. ஆளுநர் பில் பிரெடிசன் அதற்கு ஒப்புதல் மறுத்தார்; சட்டமன்றம் அவர் மறுப்பைத் தள்ளிவிட்டு ஜூலையில் சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆனால் அச்சட்டமும் இடத்தைப் பிரித்தே பேசிற்று. உணவு வழங்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட இடங்களில் நுழையலாம். பிற மதுக்கடைகளில் நுழையலாகாது. உணவக உரிமையாளர் சிலர் வழக்குத் தொடுத்தனர். நவம்பரில் நீதிபதி அச்சட்டம் தெளிவற்றது என்று கூறி அதனைச் செல்லாததாக்கினார். வாயிலில் நிற்கும் ஒரு சாதாரண மனிதர், உள்ளே எது முதன்மைத் தொழில் என்று எப்படி அறிவார்? அறிய இயலாத ஒன்றுக்காக அவரைச் சிறையிலிடுவது எப்படி முறையாகும்?

சட்டமன்றம் 2010இல் வேறு வழி கண்டது. இடத்தைப் பிரிக்கும் தொல்லையே வேண்டாம். மது வழங்கும் எந்த இடத்திலும் உரிமம் பெற்றவர் துப்பாக்கியுடன் நுழையலாம். ஆனால் துப்பாக்கி உடையவர் குடிக்கக் கூடாது. உரிமையாளர் விரும்பினால் தடைப்பலகை வைக்கலாம். ஆளுநர் மீண்டும் மறுத்தார். சட்டமன்றம் மீண்டும் அவரை மீறியது. தெளிவின்மையைக் காரணங்காட்டித் தளர்ச்சியை எதிர்த்து வழக்காடியவர்கள் வென்றார்கள். அவ்வெற்றியின் விளைவு முன்னிலும் பெரிய தளர்ச்சியாக முடிந்தது. இதில் மற்றொரு செய்தியும் உண்டு. அச்சட்டத்தைக் கொணர்ந்த உறுப்பினரே 2011 அக்டோபரில், குண்டு நிரப்பிய துப்பாக்கியை உடன்வைத்துக்கொண்டு குடித்த நிலையில் வண்டியோட்டியதாகக் கைதானார். பின்னர்க் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். எள்ளி நகையாடுவதற்காக இதை நாம் குறிப்பிடவில்லை. குடித்தடையின் அடிப்படையான நம்பிக்கை, அதாவது துப்பாக்கி உடையவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது, எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்று காட்டவே குறிப்பிட்டோம்.

பிற மாநிலங்களும் இவ்வழியே சென்றன. அரிசோனா 2009 செப்டம்பர் 30 முதல், விர்ஜீனியா 2010 ஜூலை முதல், ஒகையோ 2011 முதல், வட கரோலினா 2013 முதல் எனக் குடித்தடை பரவிற்று. விர்ஜீனியாவில் அதற்கு முன்பிருந்த நிலை விந்தையானது. துப்பாக்கியை வெளியே தெரியும்படி அணிந்தவர் உணவகத்தில் நுழையலாம், குடிக்கவும் செய்யலாம். உரிமம் பெற்று அதை மறைத்தவரோ நுழையவே கூடாது. ஜார்ஜியா 2014இல் மேலும் ஒருபடி சென்றது. முன்னர் மதுக்கூட உரிமையாளர் இசைந்தாலொழிய நுழைய முடியாது. இப்போது அவர் வாய் திறந்து மறுத்தாலொழிய நுழையலாம் என்றாயிற்று. டெக்சாஸ் 2021 முதல் உரிமமே இன்றித் துப்பாக்கி தாங்க வழிசெய்தது. ஆயினும் 51 விழுக்காட்டுப் பலகையை மட்டும் கழற்றவில்லை.

குடித்தடையின் பக்கம் உள்ள நியாயங்களை மறைக்கலாகாது. நண்பர்களை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் பொருட்டுக் குடிக்காமல் உடன் வரும் ஒருவர், எலுமிச்சை நீரை அருந்திக்கொண்டிருந்தால் அவரால் எவர்க்கு என்ன கேடு? வாயிலில் தடையிருந்தால் துப்பாக்கி வண்டியில் தங்குகிறது. வண்டியை உடைத்துத் திருடுவோர் கைக்கு அது போகிறது. நள்ளிரவில் வண்டி நிறுத்துமிடத்தில்தான் வழிப்பறியும் நடக்கிறது. இவை யாவும் உண்மையே.

ஆயின் குடித்தடையைக் காப்பவர் யார்? இவ்வினாவுக்கு அச்சட்டங்களில் நேரான விடை இல்லை. மேசையருகே காவலர் நிற்பதில்லை. நிற்பவர் மது ஊற்றிக் கொடுக்கும் பணியாளர். அவர் ஏற்கெனவே சுமை சுமப்பவர். வந்தவர்க்கு 21 வயது நிரம்பிற்றா என்று அடையாளச் சீட்டைப் பார்க்கவேண்டும். நா குழறுகிறதா, கண் சிவந்துவிட்டதா என்று நோக்கி, வெறியேறியவர்க்கு மேலும் ஊற்ற மறுக்கவேண்டும். வயதைச் சீட்டு காட்டும். வெறியை முகம் காட்டும். துப்பாக்கியை எது காட்டும்? மறைந்திருப்பதே அதன் இலக்கணம். சட்டைக்குள் துப்பாக்கி உள்ளவர் ஒரு கோப்பை கேட்டால், அவர் கேட்பது சட்டப்படி குற்றம்; ஆனால் கொடுப்பவர்க்கு அது தெரியவே தெரியாது. இடத்தடையில் ஒரு நன்மை இருந்தது. துப்பாக்கி கண்ணிற்பட்ட அக்கணமே குற்றம் வெளிப்படும். எவரும் காவலரை அழைக்கலாம். குடித்தடையிலோ துப்பாக்கியும் கோப்பையும் ஒரே ஆளிடம் இருப்பதைக் கண்டாலன்றிக் குற்றம் இல்லை. கோப்பையைக் கண்ணாற் காணலாம்; மற்றொன்றைக் காண இயலாது. சண்டை முற்றி அது வெளியே வரும்போதுதான் காணலாம்.

மதுவின் இயல்பும் இதற்கு மாறாக உள்ளது. மது முதலில் தளர்த்துவது கைகால்களை அன்று. தன்னிலையைத் தானே அளக்கும் அறிவையே. இரண்டாம் கோப்பைக்குப் பின் ஒருவர் தாம் தெளிவாக இருப்பதாக எண்ணுவது அவர் தெளிவாக இருப்பதற்குச் சான்றாகாது. வண்டியோட்டுவோர்க்கு இரத்தத்தில் 0.08 விழுக்காடு என்று பெரும்பாலான மாநிலங்கள் எல்லை வகுத்துள்ளன. யூட்டா மட்டும் 2018 இறுதியில் அதை 0.05 ஆகக் குறைத்தது. மிச்சிகன் மாநிலம் மறைத்த துப்பாக்கி உடையவர்க்கு 0.02 என்றே எல்லையிட்டிருக்கிறது. ஓட்டுநர்க்குரிய அளவில் நாலில் ஒரு பங்கு. அன்றியும், மதுவாலேயே பெரும்பொருள் ஈட்டும் கூடங்களில் மறைத்த துப்பாக்கிக்கு இடத்தடையையும் அம்மாநிலம் விடாது வைத்துள்ளது. இரண்டையும் ஒருங்கே கொண்ட இம்முறையே எமக்கு அறிவுடையதாகப் படுகிறது.

2016 ஜூன் 12ஆம் நாள் புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரத்து 'பல்ஸ்' கேளிக்கைக் கூடத்தில் 49 பேர் கொல்லப்பட்டனர். அங்கிருந்தோரிடம் துப்பாக்கி இருந்திருப்பின் நிலைமை வேறாகியிருக்கும் என்று, அப்போது அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட டிரம்ப் கூறினார். தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் தலைமை நிர்வாகி வெய்ன் லாபியர் தொலைக்காட்சியில் இதனை ஏற்கவில்லை. குடிக்கும் இடத்தில் துப்பாக்கி இருத்தல் கூடாது என்றே அவர் சொன்னார். துப்பாக்கி உரிமைக்காக அல்லும் பகலும் வாதாடும் சங்கத்தின் வாயிலிருந்து இச்சொல் வந்தது. பின்னர் டிரம்ப், தாம் குறித்தது காவலரையும் பணியாளரையுமே என்று விளக்கினார். உண்மையில் அன்றிரவு அங்கே ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் பணியில் இருந்தார். கொலைஞனோடு அவர் தொடக்கத்திலேயே சுடவும் செய்தார்.

இவ்விவாதம் இப்போது சட்டமன்றத்தை விட்டு நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 'புரூவன்' வழக்கில் ஒரு புது அளவுகோலைத் தந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாயினும், அந்நாட்டின் பழைய மரபில் அதற்கு ஒப்புமை காட்டவேண்டும் என்பதே அது. நியூயார்க்கும் ஹவாயும் மது வழங்கும் இடங்களை விலக்கப்பட்ட இடங்களாக்கிச் சட்டம் இயற்றவே, வழக்குகள் எழுந்தன. அன்று முதல் அரசு வழக்கறிஞர்கள் ஏட்டுச் சுவடி தேடும் புலவர்களைப் போலாயினர். விர்ஜீனியா குடியேற்றத்தின் 1655ஆம் ஆண்டு விதி ஒன்று அகப்பட்டது. குடிக்கூட்டங்களில் எவரும் துப்பாக்கி வெடிக்கலாகாது, திருமணமும் இறுதிச் சடங்கும் நீங்கலாக என்கிறது அவ்விதி. பகைவர் வரவை அறிவிக்கும் குறியாக வெடியோசை பயன்பட்டமையால் வீண் வெடி கூடாதென்றனர். நியூ மெக்சிகோவின் 1853ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நெருங்கியது. ஆட்டக் கூடத்திலும், அதையடுத்து மது விற்கும் அறையிலும் ஆயுதத்துடன் நுழையலாகாது என்று அது தெளிவாகவே கூறுகிறது. ஒக்லகோமா 1890இல் மது விற்கும் எவ்விடத்தும் கூடாதென்றது.

பழைய விதி வெடிப்பதைத் தடுத்ததா, தாங்குவதைத் தடுத்ததா, ஓரிரு பகுதிகளின் விதி நாடு முழுவதற்கும் மரபாகுமா என்றெல்லாம் நீதிபதிகள் உரையாசிரியர்களைப் போன்றே வாதிட்டனர். நியூயார்க் வழக்கைக் கேட்ட மேல்முறையீட்டு மன்றம் 2023 டிசம்பரிலும், உச்ச நீதிமன்றம் திருப்பியனுப்பியபின் மீண்டும் 2024 அக்டோபரிலும், மதுக்கூடத் தடை செல்லும் என்றது. ஹவாய், கலிபோர்னியா வழக்குகளில் கீழ்மன்றங்கள் நிறுத்திவைத்த தடையை 2024 செப்டம்பரில் மேல்மன்றம் நிலைநிறுத்தியது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஹவாய் வழக்கை விசாரணைக்கு ஏற்றது. ஆனால் அது எடுத்துக்கொண்ட வினா மதுக்கூடத்தைப் பற்றியதன்று. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடத்தில் உரிமையாளர் ஒன்றும் சொல்லாவிடின் அதை இசைவாகக் கொள்வதா, மறுப்பாகக் கொள்வதா என்பதே அவ்வினா. ஜார்ஜியா அதை இசைவாகக் கொண்டது. ஹவாய் மறுப்பாகக் கொண்டது.